போர்டில் இருந்த அப்பா

சித்தேரி மலையில் வீரன் என்று ஒருவர் இருக்கிறார். அவரை நான் சாகடித்தேன். ஆள் திடமாகத்தான் இருக்கிறார், போன மாதம்கூட என் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனார். ஆனால் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியின் காகிதத்தில் அவர் செத்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குக் காரணம் நான். வேறு யார் தலையிலாவது இதைக் கட்டிவிடலாம் என்று ரொம்ப நாள் முயன்று பார்த்தேன். முடியவில்லை.

என் பெயர் பானுமதி. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். பதினைந்து நாற்காலி, ஒரு வெள்ளை போர்டு, சத்தம் போடுகிற ஒரு ஃபேன், எந்நேரமும் யூரியா வாசனை. பிள்ளைகள் நேரில் மிஸ் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

எங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் வாய் திக்குகிற இடம் ஒன்று உண்டு. நடந்து முடிந்த காரியத்தைக் காலத்தோடு சேர்த்துச் சொல்லும் இடம். நாம் "அவரு போயி மூணு வருசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு நம் பாட்டுக்கு வேலையைப் பார்ப்போம். இங்கிலீஷ்காரனுக்கு அது போதாது. எத்தனை வருடத்துக்கு முன்னால் என்று சொல்ல 'அகோ' வேண்டும். அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று சொல்ல 'வென்' வேண்டும். அன்று தொடங்கியது இன்றுவரை ஓடுகிறது என்றால் 'சின்ஸ்' வேண்டும். நான் சொல்லித்தருவது இப்படி: அகோ என்றால் காலண்டரைப் பின்னால் புரட்டி, அந்தத் தேதியிலேயே நின்றுகொள். வென் என்றால் ஒரே நேரத்தில் நடந்த இரண்டு காரியத்துக்கு முடிச்சுப் போடு. சின்ஸ் என்றால் அந்தத் தேதியில் ஒரு முளை அடித்து, மாட்டுக்கயிறு கட்டி, இன்றைக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு வா. புத்தகத்தில் இப்படி இருக்காது, ஆனால் என் பிள்ளைகளுக்கு இதுதான் மண்டையில் ஏறும்.

மூன்றும் ஒரே இடத்தில் வருகிற மாதிரி ஒரு உதாரணம் வேண்டியிருந்தது. வகுப்பு தொடங்கிய புதிதில், யோசிக்காமல், என் சொந்தக் கதையையே போர்டில் எழுதினேன். "த்ரீ இயர்ஸ் அகோ, வென் ஐ வாஸ் ரைட்டிங் மை எக்ஸாம், மை ஃபாதர் டைட். சின்ஸ் தென், மை மதர் ஹேஸ் பீன் டேக்கிங் கேர் ஆஃப் அஸ்." மூன்று வருடத்துக்கு முன்பு நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது என் அப்பா இறந்துபோனார், அன்றிலிருந்து அம்மாதான் எங்களைப் பார்த்துக்கொள்கிறாள். அத்தனையும் உண்மை. சேலத்தில் பி.எட். பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தபோதுதான் எனக்குப் போன் வந்தது. இன்றைக்கு என் அப்பா போய் ஏழு வருடம் ஆகிவிட்டது. போர்டில் மட்டும் அவர் எப்போதும் மூன்று வருடத்துக்கு முன்னால்தான் இறந்திருப்பார்.

பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். எங்கள் ஊர்ப் படிப்பே அப்படித்தான். போர்டில் இருந்தால் அது விடை, விடையில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. பரீட்சையை அம்மை போட்டிருந்தது என்று மாற்றிக்கொள், அப்பாவைத் தாத்தா என்று மாற்றிக்கொள் என்று ஆரம்பத்தில் கத்திப் பார்த்தேன். ஒருவனும் மாற்றவில்லை. பதினைந்து பேரும் எழுந்து நின்று, பதினைந்து அப்பாக்களையும் வரிசையாகச் சாகடித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நவநீதன் என்று ஒரு பையன் இன்டர்வியூவில் அதை அப்படியே ஒப்பித்திருக்கிறான். அவன் அப்பா பொம்மிடி ஸ்டேஷனுக்கு எதிரில் தக்காளி விற்கிறார், குரல் பிளாட்பாரம் வரைக்கும் கேட்கும். அவனுக்கு வேலை கிடைத்தது. ஸ்வீட் பெட்டியோடு வந்து, "அந்த லைனச் சொன்னதும் அந்த மேடம் கண்ணத் தொடச்சிகிட்டாங்க மிஸ்" என்றான். நான் அவனைத் திட்டியிருக்க வேண்டும். சிரித்தேன். "எமகாதகன்டா நீ" என்று சொல்லி ஸ்வீட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு 'மாற்றிச் சொல்' என்று நான் யாரையும் கத்தவில்லை. வேலை கிடைக்கிற வாக்கியம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்டர்வியூவுக்குப் போகிறவர்களிடம் 'டைட்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்து, பிறகு மெதுவாக 'சின்ஸ் தென்' சொல்லு என்று பழக்கிவிட்டேன். என் அப்பாவின் சாவைக் கடைச்சரக்கு ஆக்கிவிட்டேன் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

கலைச்செல்வி வந்தது இந்த வருடம். வீரனின் மகள். கணக்கில் பட்டம் வாங்கியவள், சித்தேரியிலிருந்து அரூர் வந்து பஸ் மாறி எங்கள் ஊருக்கு வருவாள். பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பாள். எழுதச் சொன்னால் நன்றாக எழுதுவாள். முதல் வாரம், கடந்த காலத்தில் நடந்த ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள் என்றபோது மற்றவர்கள் போர்டைப் பார்த்து எழுத, இவள் மட்டும் சொந்தமாக எழுதியிருந்தாள். பத்து வருடத்துக்கு முன்பு எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார், மழையில் ரோடு சரிந்து அன்றைக்கு பஸ் இல்லை. அகோ வர வேண்டிய இடத்தில் 'பிஃபோர்' என்று போட்டிருந்தாள், எல்லாரும் செய்கிற தப்புதான். சிவப்புப் பேனாவால் அதைத் திருத்தினேன். அப்புறம் கொஞ்சம் யோசித்து, முழு வரியையும் ஒரு கோடு போட்டு அடித்தேன்.

"இதெல்லாம் இன்டர்வியூவுல எடுபடாதுடி. போர்டுல இருக்கறதையே சொல்லு" என்றேன்.

"மிஸ், எங்கப்பா இருக்காருங்க" என்றாள்.

"இருக்கட்டும். நீ சொன்னா போயிருவாரா? செத்துட்டதா சொன்னா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்க, தெரியாதா?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரிக்க முயன்றாள். எதிர்த்துப் பேசத் தெரிந்த பெண்ணாக இருந்திருந்தால் அன்றைக்கே என் வாயை அடைத்திருப்பாள். அவள் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி போர்டைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள்.

தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலைவாய்ப்பு முகாம் நடந்தது. ஓசூர்க் கம்பெனி ஒன்று அலுவலகப் பயிற்சி வேலைக்கு எட்டுப் பேரை எடுத்தது, அதில் போர்டு வாக்கியத்தை அப்படியே ஒப்பித்த கலைச்செல்வியும் ஒருத்தி. தங்க விடுதி, ஆறு மாதத்துக்குப் பிறகு நிரந்தரம். அவர்கள் ஊரில் கம்பெனி ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்காரப்போகிற முதல் பெண் அவள்தான். மாடிப்படிக்குக் கீழே அவள் போட்டோ போட்ட ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினேன். அதைப் பார்த்து ஒரே வாரத்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள்.

அந்த வாரம்தான் வீரனை முதன்முதலாகப் பார்த்தேன். மகளோடு மாடியேறி வந்தார். தோளில் ஒரு பை, அதில் சாமை அரிசி. குள்ளமான, காய்ந்த உடம்பு. பையை என் மேஜை மேல் வைத்துவிட்டுக் கை கூப்பினார்.

"எம் பாப்பா வூட்ல ராவும் பகலும் இங்கிலீசு தானுங்க டீச்சரம்மா. கேட்டுக் கேட்டு எனக்கே வந்துருச்சு, சொல்லட்டுங்களா?" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். "திரீ இயர்சு அக்கோ, வென் ஐ வாசு ரைட்டிங்கு மை எச்சாமு, மை பாதரு..." அந்த இடத்தில், மகள் நிறுத்துகிற மாதிரியே, நான் பழக்கிய மாதிரியே, கொஞ்சம் நிறுத்தினார். "டைட்டு."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கலைச்செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீரன் என் முகத்தையே பார்த்தார், சரியாகச் சொன்னோமா என்று. நான் கை தட்டினேன். பாவி, கை தட்டினேன். மொத்த வகுப்பும் என்னோடு சேர்ந்து தட்டியது, அவர் வெட்கப்பட்டுக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். "பஸ்ல கண்டக்டருகிட்டகூட சொல்லிக் காட்டினனுங்க" என்றார்.

வேலையில் சேரும் நாளில் அவர்தான் மகளைக் கூட்டிக்கொண்டு ஓசூர் போனார். நான் போகவில்லை. என்ன நடந்தது என்று அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை பை இல்லை. உட்காரச் சொன்னேன், டீ கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"விடுதியில ஒரு அம்மா இருந்தாங்க. நல்ல அம்மா. அப்பா இல்லாத புள்ள, இனி நாங்க பாத்துக்குறோம், நீங்க கவலப்படாதீங்கன்னு எங்கிட்ட சொன்னாங்க. நீங்க யாரு, மாமனான்னு கேட்டாங்க. பாப்பாவப் பாத்தேன். அதுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. அப்பறந்தான் எனக்கு வெளங்குச்சு. சித்தப்பனுங்க அப்படின்னேன். சித்தப்பான்னே எழுதி எங்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க."

அவர் சிரிப்பது மாதிரி ஏதோ செய்தார்.

"செத்ததா சொன்னா ஆயுசு கெட்டிம்பாங்க, அது கெடக்கட்டும். நான் செத்துட்டேன்னு நானே ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சிருக்கேன் பாருங்க, கண்டக்டருகிட்டகூட. அவரு என்னா நெனச்சிருப்பாரு?"

டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் அவர் கேட்கவந்ததைக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு தெரியணும் டீச்சரம்மா. பாப்பா அதுவா அப்படிச் சொல்லிச்சா, இல்ல யாராவது சொல்லச் சொன்னாங்களா? மலை ஆளு, சட்ட போடத் தெரியாத அப்பன், சொல்லிக்க வெக்கமா இருந்திருக்கும். அப்படின்னா நான் இனிமே அந்தப் பக்கம் போவல. அதத் தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்."

அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். நான்தான் சொல்லச் சொன்னேன் என்று மூன்று வார்த்தை. எழுந்து நின்று சொல்லியிருந்தால் அவர் என்னை அடித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம், ஆனால் மகள் அவருக்கு மிச்சமாகியிருப்பாள். எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது கீழே கட்டியிருந்த ஃப்ளெக்ஸ். புதிதாகச் சேர்ந்த ஒன்பது பேர்.

"அது... இன்டர்வியூ பதட்டத்துல அவளா ஏதாச்சும் சொல்லியிருப்பாளுங்க. நான் என்னத்த கண்டேன்" என்றேன்.

"சரிங்க" என்றார். மீதி டீயைக் குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

வகுப்பில் அவருக்குத் தட்டிய கை, இப்போது அவர் மகளையும் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டது. சாயங்காலம் கலைச்செல்விக்குப் போன் செய்தேன். என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்று நான் தடுமாற, அவளே சொன்னாள்.

"அப்பா போன்ல கேட்டாருங்க மிஸ். நாந்தாம்பா சொன்னேன்னு சொல்லிட்டேன். நீங்க சொன்னதா எதுவும் சொல்லல."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"உங்க பேரு கெட்டா புதுசா சேந்தவங்க வரமாட்டாங்க இல்லைங்களா. அதுவுமில்லாம வாய் என்னோடது தானுங்களே மிஸ்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா ஒண்ணும் திட்டல. சரி பாப்பா, நல்லா சாப்புடுன்னு சொல்லி வெச்சிட்டாரு. அதுக்கப்பறம் எடுக்க மாட்டேங்கறாரு."

இருபத்தொரு வயதுப் பெண் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபம் முழுதும் என் மேல்தான். அவ்வளவு கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், மறுநாள் காலையில் போர்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். வருடக்கணக்கில் எழுதி எழுதி அந்த வாக்கியம் போர்டில் நிழலாகப் படிந்திருந்தது. முழுதாகப் போகவில்லை. பிறகு பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பழைய தாள் கட்டை அவிழ்த்துத் தேடினேன். நான் சிவப்புக் கோடு போட்ட தாள் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு அரூர் போய், காலை பஸ் பிடித்துச் சித்தேரி ஏறினேன். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு இடத்தில் தோன்றியது. அவர்கள் வீட்டுக்கு முன்னால் பாறையில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. வீரனும், கலைச்செல்வியின் அம்மா செல்லியும் அதைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வீரன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். செல்லி எழுந்திருக்கவில்லை.

நின்றபடியே சொன்னேன். "பாப்பா மேல தப்பில்லைங்க. நாந்தான் சொல்லச் சொன்னேன். அவ எங்கப்பா இருக்காருன்னு சொன்னா. நாந்தான் கேலி பண்ணி வாய அடச்சிட்டேன். அன்னைக்கு நீங்க கேட்டப்ப பொய் சொன்னதும் நாந்தான்."

வீரன் பாறையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் சாமையைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். "பாப்பாவா சொல்லல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவில்லை.

செல்லிதான் பேசினாள். அவள் குரல் உயரவே இல்லை.

"எந் தாலிய ஒரு காயிதத்துல அறுத்துப்புட்டீங்களேம்மா. உங்கள நம்பித்தானே எம் பொண்ண மலைய உட்டு எறக்கி உட்டேன்."

கம்பெனிக்கு நானே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வீரன் வேண்டாம் என்று கையை அசைத்தார். "வேல போயிரும். ஆறு மாசம் போவட்டும். அப்பறம் பாப்பாவே சொல்லிக்கும். அதுவரைக்கும் சித்தப்பனாவே போயிப் பாக்கறேன். பாக்கறது தானே முக்கியம்."

நான் கொண்டுவந்த தாளை எடுத்து நீட்டினேன். அவருக்குப் படிக்க வராது, நானே தமிழில் சொன்னேன். காய்ச்சல் வந்தபோது என் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்.

செல்லி தலை நிமிர்ந்தாள். "எழுதிச்சா? இத எழுதிச்சா?" என்றாள். வீரன் தாளை வாங்கி, அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"இந்தச் செவப்புக் கோடு?"

"நான் அடிச்சதுங்க."

"இதச் சொல்லியிருந்தா வேல குடுத்திருக்க மாட்டாங்களா?"

"குடுத்திருப்பாங்களோ என்னவோ தெரியலைங்க. நான் அவள சொல்லவே உடலைங்க."

அவர் அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. "இத இங்கிலீசுல சொல்லுங்க. நான் கத்துக்கறேன். பாப்பாவுக்குப் போன் போட்டு நானே சொல்றேன், அதுக்குப் புரியும்" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அன்றைக்கு என் வகுப்பில் நின்ற மாதிரியே எழுந்து நின்றார்.

நான் சொன்னேன். "டென் இயர்ஸ் அகோ, வென் ஐ ஹேட் ஃபீவர், மை ஃபாதர் கேரிட் மி டௌன் த ஹில்."

"டென் இயர்சு அக்கோ" என்றார். "வென் ஐ ஏட் பீவரு, மை பாதரு..." அந்த இடத்தில் நிறுத்தினார். நான் பழக்கிய நிறுத்தம். "டைட்டு."

அவருக்கே தெரிந்துவிட்டது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பழகிப்போச்சுங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து மறுபடியும் சொல்லிக் கொடுத்தேன். மறுபடியும் அதே இடத்தில் அதேதான் வந்தது. மூன்றாவது முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அப்போதும் அதேதான் வந்தது. செல்லி எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.